லீ-என்ஃபீல்ட் போல்டில் விநோதமான தேய்மானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலீஸ் ஸ்டேஷன் வாசலிலும் என்.சி.சி. அணிவகுப்பிலும் நம்மில் பலர் பார்த்த அந்த நீளமான த்ரீ-நாட்-த்ரீதான் லீ-என்ஃபீல்ட். ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைத்த போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி, பின்னாலிருந்து பூட்டும் உலோக உருளை) 1888இல் லீ-மெட்ஃபர்ட் ரைஃபிளில் பிரிட்டிஷ் ராணுவத்துக்குள் வந்தது. 1895இல் என்ஃபீல்ட் குழலோடு சேர்ந்து இன்றைய பெயரை வாங்கியது. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை இதையே 7.62 தோட்டாவுக்கு மாற்றி 2ஏ1 என்று செய்தது. உரிமம் வைத்திருக்கும் பொதுமக்களுக்காக அங்கே செய்யப்பட்ட 315 ரைஃபிளும் இதே குடும்பம்தான். உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் 303க்கு விடை கொடுத்தது. ஆக, இந்த போல்டுகளின் வயதை நினைத்தால் தேய்மானம் பற்றிய கேள்விகள் வருவதில் ஆச்சரியமே இல்லை.

கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அடிப்படைதான். தேய்ந்த பாகத்தை மாற்றுவதற்கு முன், அதைத் தேய்த்தது எது என்று பாருங்கள். போல்டில் விழும் ஒவ்வொரு தடத்துக்கும் எதிரே, ரிசீவரிலோ (போல்ட் ஓடும் உலோகக் கூடு) தோட்டா உறையிலோ ஒரு ஜோடித் தடம் இருக்கும். அதைத் தேடாமல் உதிரி பாகம் வாங்கினால் காசுதான் போகும்.

எது சாதாரணத் தேய்மானம், எது விநோதம்?

எஃகின் மேல் இருக்கும் நீல மெருகு போய் வெள்ளி நிறம் தெரிவது சாதாரணம். போல்டின் வலப்பக்கம் நீளமாக ஓடும் விலா, போல்ட் தலை (அதன் முன்முனை) ஓடும் தடம், காக்கிங் பீஸின் (போல்டின் பின்னால், சுடுவதற்கு ஏறி நிற்கும் பாகம்) அடிப்பக்கம் ஆகியவை பளபளவென்று இருந்தால் அந்தத் துப்பாக்கி வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

கவலைப்பட வேண்டியது மூன்று. ஒன்று, உலோகம் இடம் பெயர்ந்திருப்பது: விரல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் பிசிறு, ஓரம் உருண்டு மடங்கியிருப்பது, பள்ளம். இரண்டு, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பது. மூன்று, போன முறை துடைத்தபோது இல்லாத தடம் இப்போது இருப்பது. மூன்றாவதைத்தான் பெரும்பாலும் தவற விடுகிறோம், ஏனென்றால் போன முறை எப்படி இருந்தது என்று யாருக்கும் நினைவிருப்பதில்லை. சுத்தம் செய்யும்போதெல்லாம் ஒரே வெளிச்சத்தில் போல்டை நாலு படம் எடுத்து வையுங்கள். செல்போன் இருக்கும் காலத்தில் இதற்குச் செலவே இல்லை.

எந்த ஆய்வுக்கு முன்னும் மேகசினைக் கழற்றி, சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) கண்ணாலும் விரலாலும் பார்த்து, காலி என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தோட்டாக்கள் அதே மேஜையில் இருக்கக் கூடாது.

ஒரு லக் (போல்டைப் பூட்டும் புடைப்பு) பளபளக்கிறது, இன்னொன்றில் பழைய நிறம் அப்படியே இருக்கிறது. ஏன்?

பெரும்பாலான போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிள்களில் பூட்டும் லக்குகள் முன்னால், தோட்டாவுக்குப் பக்கத்தில் இருக்கும். லீயின் போல்ட் பின்பக்கம் பூட்டுகிறது. வலப்பக்கம் அந்த நீள விலாவின் பின்முனை ரிசீவரின் தோளில் முட்டி நிற்கும். இடப்பக்கம் ஒரு சிறிய லக் ரிசீவருக்குள் இருக்கும் பள்ளத்தில் புகுந்துகொள்ளும். வெடிக்கும்போது தோட்டா உறை பின்னுக்குத் தள்ளும் அழுத்தத்தை இந்த இரண்டும் சமமாகத் தாங்க வேண்டும்.

ஒன்று மட்டும் பளபளத்தால் மொத்தச் சுமையும் அதன் தலையில்தான் விழுகிறது. போல்ட் ஒவ்வொரு வெடிக்கும் கொஞ்சம் ஒரு பக்கமாக வளையும். முதலில் தெரிவது குறி சிதறுவது. நீண்ட நாள் ஓடினால் லக்கின் அடிவாரத்தில் மயிரிழை விரிசல் வரலாம்.

இதைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்க முடியாது, ஏனென்றால் காலி ரைஃபிளில் போல்டுக்குக் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். லக் எதிலும் முட்டாமலே மூடிக்கொள்ளும். ஆர்மரர் (ராணுவத்தில் துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) செய்வது இதுதான்: இரண்டு லக்குகளின் பின்முகத்தையும் எண்ணெய் போகத் துடைத்து, பிரஷியன் புளூ என்ற உலராத நீலச் சாயத்தை மிக மெல்லியதாகத் தடவுவார். சேம்பரில் கேஜ் (தோட்டாவுக்குப் பதில் வைக்கும் அளவுக் கட்டை) வைத்து, போல்ட் பின்னோக்கி அழுந்தும்படி மூடித் திறப்பார். எந்த லக்கில் நீலம் துடைபட்டதோ அதுதான் சுமக்கிறது. மறுபக்கம் தடவியது தடவியபடியே ஈரமாக மின்னும். ஒரே நிமிட வேலை, பல சந்தேகங்கள் அதிலேயே தீர்ந்துவிடும்.

அப்படி ஒரு பக்கச் சுமை எப்படி வருகிறது?

பத்தில் ஒன்பது என்று கணக்குச் சொல்ல என்னிடம் புள்ளிவிவரம் இல்லை. ஆனால் முதல் சந்தேகம் எப்போதும் மாற்று போல்ட் மீதுதான். ஒவ்வொரு போல்டும் அதன் ரிசீவருக்கென்றே ஆலையில் பொருத்தப்பட்டது. அதனால்தான் போல்ட் கைப்பிடியின் பின்புறத்திலும் ரிசீவரிலும் ஒரே எண்ணைப் பொறித்தார்கள். பல துப்பாக்கிகளை ஒன்றாகக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு, கைக்குக் கிடைத்த போல்டைப் போட்டு மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. உள்ளே போகும், மூடும், சுடவும் செய்யும். லக் மட்டும் சரியாக உட்காராது.

எண் ஒத்துப்போனாலும் ஒரு கண் வையுங்கள். பழைய எண்ணை அரத்தால் அழித்துப் புது எண் அடித்த போல்டுகள் உண்டு. ராணுவப் பணிமனைகளில் இது முறையாகவே, பொருத்திப் பார்த்த பிறகு நடந்தது. வியாபாரத்துக்காக அடித்த எண்ணில் பொருத்தம் பார்த்திருக்க மாட்டார்கள். எழுத்தின் அளவும் பாணியும் ரிசீவரில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா பாருங்கள்.

காலி உறையின் அடிப்பக்கம் பளபளப்பான வளையம் தெரிகிறது. இது போல்ட் கோளாறா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இங்கேதான் அவசர முடிவுகள் அதிகம்.

303 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. அந்த விளிம்பு குழலின் பின்முகத்தில் உட்காரும். போல்ட் முகத்துக்கும் அந்த இடத்துக்கும் இடையே உள்ள இடைவெளிதான் ஹெட்ஸ்பேஸ். ராணுவ அளவில் 0.064 அங்குல கேஜில் போல்ட் மூட வேண்டும், 0.074 அங்குல கேஜில் மூடக் கூடாது. இடைவெளி கூடினால், வெடிக்கும்போது உறையின் முன்பகுதி சேம்பர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க, அடிப்பகுதி பின்னால் போகும். நடுவே பித்தளை இழுபட்டு மெலியும். வெளியே தெரியும் அந்தப் பளபளப்பான வளையம் மெலிவின் அடையாளம். முற்றினால் உறை இரண்டாகப் பிரிந்து முன்பாதி சேம்பரிலேயே தங்கிவிடும். மெல்லிய கம்பியின் நுனியை லேசாக வளைத்து, உறைக்குள் விட்டு, அடியிலிருந்து மேலே சுவரோடு இழுத்துப் பாருங்கள். மெலிந்த இடத்தில் நுனி ஒரு சிறு பள்ளத்தில் இறங்கி ஏறுவது கையில் தெரியும்.

ஆனால், போர்க்களத்துச் சேற்றோடும் உள்ளே போக வேண்டும் என்று 303 சேம்பர்களைத் தாராளமாகவே குடைந்தார்கள். ஹெட்ஸ்பேஸ் சரியாக இருந்தாலும் உறையின் தோள் முன்னே ஊதி வருவது இந்தத் துப்பாக்கியின் இயல்பு. ஆகவே உறையைப் பார்த்துச் சந்தேகப்படலாம், தீர்ப்பு சொல்வது கேஜ் மட்டும்தான். கேஜ் வைக்கும்போது எக்ஸ்ட்ராக்டர் (உறையை வெளியே இழுக்கும் நகம்) குறுக்கே வராமல் பார்த்துக்கொண்டு, கைப்பிடியை ஒரு விரல் பாரத்தில் இறக்க வேண்டும். பலமாக அழுத்தினால் எந்த கேஜிலும் போல்ட் மூடிவிடும்.

இந்த அளவுகள் 303க்கு மட்டும். 315க்கு விளிம்பின் அளவே வேறு, 2ஏ1இன் 7.62 தோட்டாவுக்கு அப்படியான விளிம்பே கிடையாது, அது தோளில் உட்காரும். ஒன்றின் கேஜை இன்னொன்றில் வைத்துக் குழம்ப வேண்டாம்.

ஹெட்ஸ்பேஸ் கூடிவிட்டது. நீளமான போல்ட் தலை போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

எண் சரியாகிவிடும். நோய் சரியாகுமா என்பது வேறு கேள்வி.

லீ-என்ஃபீல்டில் போல்ட் தலை தனிப் பாகம், திருகிக் கழற்றலாம். லீ-என்ஃபீல்டின் பிந்தைய மாடலான நம்பர் 4 ரைஃபிளுக்கு 0, 1, 2, 3 என்று நான்கு அளவுகள் உண்டு. 0 என்பது 0.620 முதல் 0.625 அங்குலம் வரை. அடுத்தடுத்த எண்ணுக்கு 0.005 அங்குலம் கூடிக்கொண்டே போய், 3 என்பது 0.635 முதல் 0.640 வரை. தேய்மானத்துக்கு ஏற்ப அடுத்த எண்ணுக்குப் போவதுதான் ஆர்மரர்களின் வழக்கம். பழைய நம்பர் 1 ரைஃபிளின் தலைகளில் இப்படி எண் வரிசை இல்லை; இருப்பதில் நீளமானதைத் தேடிப் பிடித்துப் பொருத்த வேண்டியதுதான்.

எது குறைந்தது என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள். தலையே தேய்ந்திருந்தால் நீளமான தலை முழு வைத்தியம். லக்கின் பின்முகமோ ரிசீவர் தோளோ அடிவாங்கி உள்ளே போயிருந்தால், புதுத் தலை சில காலம் மறைக்கும், அவ்வளவுதான். மாற்றிய பிறகு அளவை எழுதி வைத்து, கொஞ்சம் சுட்ட பின் மறுபடி அளந்து பாருங்கள். எண் மறுபடி நகர்ந்திருந்தால் உலோகம் இன்னும் பின்வாங்கிக்கொண்டே இருக்கிறது. அந்தத் துப்பாக்கியைச் சுடுவதை நிறுத்த வேண்டும்.

போல்ட் தலை திருகும்போது நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகிறது. பரவாயில்லையா?

தலை முழுவதும் திருகி நின்றதும் அதன் கொக்கி, போல்டின் விலாவோடு கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். கொஞ்சம் தாண்டலாம், நம்பர் 4க்குச் சுமார் 20 பாகையைத் தாண்டினால் ஆர்மரர் ஒதுக்கிவிடுவார். பூட்டிய நிலையில் தலையின் தோள் போல்டின் முன்முனையில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தால்தான் அழுத்தம் நேராக உடலுக்குப் போகும். அப்படி உட்காராமல் இருந்தால் திருகுமரையே அதைத் தாங்கும். அந்த மரை அதற்காக வெட்டப்பட்டதல்ல.

பின்னிழுக்கும்போது போல்ட் தலை தடத்தைவிட்டு எகிறுகிறது

நம்பர் 4 மார்க் 1* ரைஃபிள்களின் பிரபலமான வியாதி இது. அமெரிக்காவில் சாவேஜும் கனடாவில் லாங் பிராஞ்சும் செய்தவை. முதல் மார்க் 1இல் போல்ட் தலையை விடுவிக்க ஒரு தனிப் பிடி இருந்தது. உற்பத்தியை வேகப்படுத்த அதை எடுத்துவிட்டு, தலை ஓடும் தடத்தில் ஒரு வெட்டு வைத்தார்கள். அந்த வெட்டில் தலை மேலே தூக்கிக்கொள்ளும், போல்ட் வெளியே வரும். எளிமையான யோசனைதான். ஆனால் பல வருடம் தலை அந்த வெட்டைத் தாண்டி ஓடி ஓடி, வெட்டின் ஓரம் உதிர்கிறது. பிறகு சுடும் நடுவிலேயே தலை அங்கே எகிறிக்கொள்ளும்.

புதுத் தலை வாங்கிப் போடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. தலையை விட்டுவிட்டு முதலில் தடத்தைப் பாருங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால், வெட்டின் விளிம்பு கூராக இல்லாமல் கடித்த பிஸ்கட் மாதிரி இருப்பது தெரியும். அது ரிசீவரின் நோய், புதுத் தலையும் எகிறும். தடம் கூராக இருந்து, தலையின் கொக்கி மட்டும் உருண்டிருந்தால் புதுத் தலை போதும்.

போல்ட் முகத்தில், ஃபயரிங் பின் ஓட்டையைச் சுற்றிக் குழி குழியாக இருக்கிறது

இரண்டு காரணங்கள், இரண்டும் வேறு வேறு முகத்தோடு வரும்.

துருப்பிடித்து வந்த குழிகள் ஒழுங்கில்லாமல் முகமெங்கும் பரவியிருக்கும், கறுப்பாக இருக்கும், எக்ஸ்ட்ராக்டர் பள்ளத்திலும் குழலுக்குள்ளும் அதே கதை தொடரும். பழைய 303 தோட்டாக்களின் பிரைமர் (தோட்டாவின் அடியில் அதைப் பற்றவைக்கும் சிறு மூடி) எரிந்தபின் ஒருவகை உப்பை விட்டுச் செல்லும். உப்பு என்றால் ஈரத்தை இழுக்கும். கடற்கரை ஊர் என்றால் சொல்லவே வேண்டாம். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. அதனால்தான் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்ட பிறகு குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவினார்கள். பலர் குழலை மட்டும் கழுவிவிட்டு போல்ட் முகத்தை மறந்துவிடுவதுண்டு.

வாயுக் கசிவு வேறு மாதிரி. பிரைமர் துளைபட்டால் பின் ஓட்டையைச் சுற்றியும், பிரைமரின் ஓரத்தில் கசிந்தால் அதன் அளவுக்கே ஒரு வளையமாகவும் உலோகம் எரிந்திருக்கும். ஓட்டையைச் சுற்றி அரிப்பு இருந்தால் உடனே ஸ்ட்ரைக்கர் (பிரைமரைக் குத்தும் ஃபயரிங் பின்) நுனியைப் பாருங்கள். நுனி வழவழப்பான அரைவட்டமாக இருக்க வேண்டும். போல்ட் முகத்துக்கு வெளியே அது நீள வேண்டியது 0.040 முதல் 0.042 அங்குலம் வரை, அதாவது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். கூடுதலாக நீண்டால் பிரைமரைத் துளைக்கும். துளை வழியே வரும் வாயு நுனியை அரிக்கும். அரிபட்ட கூர் நுனி அடுத்த பிரைமரை இன்னும் எளிதாகத் துளைக்கும். இது ஒரு சுற்று. ஸ்ட்ரைக்கரைச் சரி செய்யாமல் தலையை மட்டும் மாற்றினால் புதுத் தலையும் அதே கதிக்கு வரும்.

நம்பர் 1இல் ஸ்ட்ரைக்கரை காக்கிங் பீஸோடு பிடித்து வைக்க ஒரு சிறு திருகு உண்டு. அது தளர்ந்தால் ஸ்ட்ரைக்கர் தானாகத் திரும்பி நீளம் மாறிவிடும். வெடிக்காத தோட்டாக்கள் திடீரென்று வந்தால் ஸ்பிரிங்கைக் குறை சொல்வதற்கு முன் அந்தத் திருகைப் பாருங்கள்.

எக்ஸ்ட்ராக்டர் நகம்?

நகம் உருண்டிருந்தால் மாற்றுங்கள், மலிவான பாகம். மாற்றியும் உறை வரவில்லை என்றால் அதன் ஸ்பிரிங்கையும், அப்புறம் சேம்பரையும் பார்க்க வேண்டும். அழுக்குச் சேம்பர் எத்தனை நகத்தையும் தின்னும்.

காக்கிங் பீஸின் ஓரம் தேய்ந்திருக்கிறது. எவ்வளவு அவசரம்?

இந்தப் பக்கத்தில் உள்ளவற்றில் மிக அவசரமானது இதுதான். மற்றவை துப்பாக்கியைக் கெடுக்கும். இது, யாரும் விசையைத் தொடாமலே வெடிக்க வைக்கும். காலித் துப்பாக்கியில் போல்டை வேகமாக மூடிப் பாருங்கள், ஏறிய காக்கிங் பீஸைப் பின்னாலிருந்து கட்டைவிரலால் முன்னே தள்ளிப் பாருங்கள், தடித்த பாயில் கட்டையின் அடியைத் தட்டிப் பாருங்கள். எதிலாவது நழுவினால் அன்றோடு அந்தத் துப்பாக்கிக்கு ஓய்வு. காக்கிங் பீஸையும், அதைப் பிடித்து வைத்து விசையை இழுத்ததும் விடும் சியரையும் ஜோடியாகவே பார்க்க வேண்டும்.

தவறான நோயறிதலுக்குப் பெரிய உதாரணம் ஏதாவது உண்டா?

கனடாவின் ராஸ் ரைஃபிள். சர் சார்லஸ் ராஸ் வடிவமைத்தது, நேராக இழுத்துத் தள்ளும் போல்ட். 1915 ஏப்ரலில் ஈப்ரெஸ் போர்முனையில் நாலைந்து சுற்று வேகமாகச் சுட்டதும் போல்ட் இறுகிக்கொண்டது. சிப்பாய்கள் பூட்ஸ் காலால் உதைத்தும் மண்வெட்டிப் பிடியால் அடித்தும் திறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, விழுந்து கிடந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டுகளை எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் பழி தோட்டா மேல் விழுந்தது, அதில் உண்மையும் இருந்தது. ராஸின் சேம்பர் இறுக்கமானது. பிரிட்டிஷ் தோட்டாக்கள் அளவில் முன்னே பின்னே இருந்தன. சேம்பரைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். சிக்கல் குறைந்தது, போகவில்லை. மிச்சக் காரணம் போல்டிலேயே இருந்தது. மார்க் 3இன் போல்ட் தலையில் லக்குகள் திருகுமரை மாதிரி வெட்டப்பட்டவை. போல்டைப் பின்னால் இழுத்ததும் அதன் இடது லக்கின் பின்முனை, போல்டை நிறுத்தும் சிறிய தடுப்பில் வந்து மோதும். தடுப்பின் பரப்பு சிறிது, தலையின் உலோகமும் போதிய கடினம் இல்லை. மோதி மோதி அந்த மரையின் ஓரம் மடங்கியது. மடங்கிய மரை ரிசீவரின் மரைக்குள் போகும்போது இறுகியது. இறுகியதால் சிப்பாய் இன்னும் பலமாக இழுத்தார். மோதல் இன்னும் பலமாக விழுந்தது.

கவனியுங்கள், சேதம் நடந்தது போல்ட் திறந்து முடியும் இடத்தில். தொல்லை தெரிந்தது மூடித் திறக்கும் இடத்தில். தொல்லை தெரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் தடுப்பின் ஞாபகமே வராது. பிறகு தடுப்பின் பரப்பைக் கூட்டினார்கள், தலையைக் கடினப்படுத்தினார்கள். அதற்குள் நம்பிக்கை போயிருந்தது. 1916இல் கனடியப் படை லீ-என்ஃபீல்டுக்கு மாறியது. குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பர்கள் மட்டும் ராஸை விடவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் நிதானமாக இழுப்பவருக்கு அது அருமையான துப்பாக்கி.

தேய்மானம் எதுவும் தெரியாவிட்டால் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?

முடியாது. அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளில் 800000க்குக் கீழ் எண் உள்ள ரிசீவர்கள் சில, எந்த முன்னறிவிப்பும் இன்றி உடைந்தன. கொல்லுலையில் சூட்டின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே இரும்பை அடித்தார்கள். வெயில் நாளில் மங்கலாகத் தெரிந்த சூடு உண்மையில் அளவு கடந்தது. எஃகு எரிந்து நொறுங்கும் தன்மை வந்துவிட்டது. பிறகு வெப்பமானி வைத்தார்கள். நொறுங்கும் எஃகு தேய்ந்து காட்டாது.

நிறைய எண்ணெய் விட்டால் தேய்மானம் குறையுமா?

லக்கின் பின்முகத்திலும் காக்கிங் பீஸ் உரசும் இடத்திலும் ஒரு துளி போதும். சேம்பரில் எண்ணெய் இருக்கவே கூடாது. வெடிக்கும்போது உறை சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்வதால்தான் அழுத்தத்தில் ஒரு பகுதி போல்டுக்குப் போகாமல் நிற்கிறது. எண்ணெயோ மழைநீரோ இருந்தால் பிடி நழுவி, மொத்தமும் போல்ட் மேல் வரும். பின்பூட்டு போல்ட் கொஞ்சம் சுருங்கி நீளும் இயல்புடையது, அதனால் இந்தத் துப்பாக்கிக்கு இது கூடுதல் கெடுதல். சுடுமுன் சேம்பரை உலர்ந்த துணியால் துடைப்பது பழைய ராணுவ விதி. லக்குகள் சமமாகச் சுமந்தும், எண் ஒத்திருந்தும், ஹெட்ஸ்பேஸ் மட்டும் ஏறிக்கொண்டே போனால், சுடுபவரின் எண்ணெய்க் குப்பியையும் ஒருமுறை விசாரியுங்கள்.

பிசிறை நானே அரம் போட்டு எடுக்கலாமா?

வேண்டாம். லக், காக்கிங் பீஸ், சியர் ஆகியவற்றின் மேற்பரப்பு மட்டும்தான் கடினம். அரம் அந்தத் தோலை எடுத்துவிட்டால் உள்ளே மென்மையான எஃகு, ஒரு மாதத்தில் பத்து வருடத் தேய்மானம் தேயும். அப்புறம் சட்டம். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கே தனி உரிமம் வேண்டும். துடைப்பது, எண்ணெய் போடுவது, பார்ப்பது, படம் எடுப்பது உங்கள் வேலை. அதற்கு மேல் உரிமம் உள்ள கன்ஸ்மித்திடம் கொடுங்கள்.

அவரிடம் என்ன எடுத்துப் போக வேண்டும்?

போல்டை மட்டும் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோனால் அவரால் பாதிதான் சொல்ல முடியும். முழுத் துப்பாக்கி, உரிமம், அதில் கடைசியாகச் சுட்ட காலி உறைகள் நாலைந்து, முந்தைய படங்கள் இவ்வளவும் வேண்டும். உறைகளைத் துடைக்காமல் கொடுங்கள். பிரைமரைச் சுற்றியுள்ள புகைக்கறையையும் அவர் பார்க்க வேண்டியிருக்கும்.